ஒரு ரன் எடுத்த சட்டை

பனியன் துணியை விரலால் தொட்டே நூல் நம்பர் சொல்லக்கூடியவர்கள் என்று திருப்பூரில் ஒரு காலத்தில் நாலைந்து பேரைச் சொல்வார்கள். அதில் நான் ஒருவன். மற்ற ஆட்களைக் கேட்டால் என் பேரைத்தான் முதலில் சொல்வார்கள், நானாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். டைலருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து துணி மடித்துக் கொடுத்த கை இது. ஆறு மெஷின் போட்டு, அதை அறுபதாக்கி, சொந்தக் கட்டடம் கட்டி, ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாமல் ஜெர்மன்காரனையும் இத்தாலிக்காரனையும் என் டேபிளுக்கு முன்னால் உட்கார வைத்து இளநீர் குடிக்க வைத்தவன்.

இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் வருகிற சங்கதியைப் படித்துவிட்டு, தொழில் தெரியாத ஆள் கெட்டுப்போனான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தொழில் தெரிந்துதான் கெட்டுப்போனோம்.

அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரியை ஏற்றினார்கள். அதற்கு முன்னாலேயே ஆட்டம் கண்டிருந்தது. வரி வந்ததும் மொத்தமாகச் சாய்ந்தது. அறுபது மெஷின் ஓடிய ஹாலில் ஒரு மூலையில் மட்டும் சத்தம் கேட்டது. என் மகன் படித்தவன், கோயமுத்தூரில் குடியிருக்கிறான், வாரம் ஒரு தடவை காரில் வந்து கணக்காகப் பேசுவான்.

"பூட்டிட்டு வாடகைக்கு உட்றலாமுங்கப்பா. கொரியர்க்காரன் குடோனுக்குக் கேட்டுட்டே இருக்கறான்."

"நான் போனதுக்கப்புறம் குடோன் போட்டுக்க. இப்ப ஊட்டுக்குப் போ."

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் கையில் இருந்தது ஒரே ஒரு விசாரிப்பு. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு கிழவர், பழைய காலத்து விளையாட்டுச் சட்டைகளை அச்சு அசலாகச் செய்து விற்கிறவர், நேரில் வருகிறேன் என்று எழுதியிருந்தார். வரியைத் தானே ஏற்றுக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். அது வந்தால் ஹால் ஓடும். வராவிட்டால் பூட்டு. மகனிடம் அப்படித்தான் பேசி வைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை வந்தார். எண்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஒல்லியாக, உயரமாக, நடையில் அவசரமே இல்லாமல். கையில் தட்டையான ஒரு அட்டைப் பெட்டி. டிரைவர் வாங்கப் போனான், கொடுக்கவில்லை. பிளேனிலும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற எங்கள் மெர்ச்சண்டைசர் பெண்தான் எனக்கும் அவருக்கும் நடுவே பேச்சு. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, என்னைப் போன்ற ஆளின் பேச்சைக்கூட நாசூக்காக இங்கிலீஷில் மாற்றிவிடும் கெட்டிக்காரி.

பெட்டியைத் திறந்தார். மெல்லிய காகிதத்துக்குள் ஒரு சட்டை. நான் கேட்காமலேயே தொட்டுப் பார்த்தேன். கனமான இன்டர்லாக் பின்னல், நயமான பருத்தி, கழுத்தில் மூன்று பொத்தான், நெஞ்சில் ஒரு எழுத்தைத் துணியில் வெட்டித் தைத்திருந்தார்கள். இன்றைக்கு அப்படி ஒரு துணியை யார் ஓட்டுகிறார்கள்? சந்தன நிறமாகப் பழுத்திருந்தது. ஆனால் இடது பக்கம், அக்குளுக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும், செம்மண் கறை. சேற்றில் புரண்ட மாதிரி. அதே பக்கம் முழங்கையில் கிழிசல், பின்னல் கண்ணிகள் ஓடி ஏணி மாதிரி இறங்கியிருந்தது.

"நல்லதா ஒரு சாம்பிள் இல்லீங்களான்னு கேளு கண்ணு. இது கறையும் கிழிசலுமா இருக்குதே."

அந்தப் பெண் கேட்டது. அவர் பதில் சொல்லச் சொல்ல அதன் முகம் மாறியது.

"சார், கறைதான் வேணுமாம்."

"என்னது?"

"கறையும் கிழிசலும் அப்படியே இருக்கணுமாம். எல்லாச் சட்டையிலயும். அதுக்காகத்தான் வந்திருக்காகளாம்."

பழசு மாதிரி சாயம் வெளுத்துக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவெடுத்து ஓட்டை கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் அழுக்கை அப்படியே கேட்டு வந்த பையர் இவர்தான். ஏன் என்று கேட்கச் சொன்னேன்.

வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து கட்டிங் டேபிளுக்குப் போனார். டேபிள் காலியாகத்தான் கிடந்தது. அலமாரியிலிருந்து நாலு நூல் கோன்களை எடுத்துச் சதுரமாக நாலு மூலைக்கு நிறுத்தினார். பொத்தான் தட்டில் கைவிட்டு ஒரு வெள்ளைப் பொத்தானைப் பொறுக்கினார்.

"இதுதான் அவுக அப்பாவாம் சார்."

அது பேஸ்பால் ஆட்டம். அந்த ஊரில் எல்லோருக்கும் சோறு போட்டது ஒரே மில். பனியன் மில். சுற்று வட்டாரத்தில் இருந்த மில்களுக்குள் வருஷா வருஷம் போட்டி நடக்குமாம். ஒரு மில்லுக்கு ஒரு டீம். சட்டைத் துணியையும் அவரவர் மில்லிலேயே ஓட்டிக்கொள்வார்களாம். இவர் அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டியவர்.

"அப்ப நம்ம பொழப்புத்தான்னு சொல்லு!" என்றேன். அந்தப் பெண் சொல்லியது. கிழவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இந்தக் கோன்லருந்து பொறப்பட்டு, அந்த மூணையும் தொட்டுட்டு, திரும்ப இதே கோனுக்கு வந்து சேரணுமாம் சார். சேந்தா ஒரு ரன். பொறப்படுத எடத்துக்குப் பேரே வீடுதானாம்."

"ஊட்ல இருந்து கெளம்பி ஊட்டுக்கே வர்றதுக்கு எதுக்கு கண்ணு இத்தன ஓட்டம்? ஊட்லயே இருந்துக்கலாமல்ல?"

அதைக் கேட்டு அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

"அவுக அம்மாவும் இதத்தான் கேப்பாகளாம்."

கோப்பைக்கான கடைசி ஆட்டம் அது. ஒன்பது ரவுண்டு. எதிர் மில்லில் பந்து எறிகிற ஆள் எமன். இவர்கள் பக்கத்து ஆளும் லேசுப்பட்டவன் இல்லை. எட்டு ரவுண்டு முடிந்தது, இரண்டு பக்கமும் ஒருத்தர்கூட வீடு வந்து சேரவில்லை. சைபருக்கு சைபர். நம் ஊர்ப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஆற்று மேட்டில் டென்னிஸ் பால் அடித்தால் ஆறு ஓவரில் அறுபது போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். சாயங்காலம் வரைக்கும் சைபரைப் பார்த்துக்கொண்டு ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது என்கிறார் இவர். நடுவில் தூறல் வேறு போட்டதாம். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லையாம்.

ஒன்பதாவது ரவுண்டில் இவர் அப்பாவின் முறை வந்தது. அவர் பெரிய ஆட்டக்காரர் இல்லை. மட்டையைச் சுற்றினால் காற்றுதான் வரும். கால் மட்டும் உண்டு. எறிந்த பந்து அவர் விலா எலும்பில் வந்து அடித்தது. அடி பட்டால் முதல் கோனுக்குச் சும்மாவே போகலாமாம்.

"அடி வாங்குனதுக்குக் கூலி," என்றேன். அந்தப் பெண் இதை மாற்றிச் சொல்லவில்லை.

பொத்தான் முதல் கோனுக்குப் போனது. அடுத்து வந்தவன் பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட்டானான். பொத்தான் இரண்டாவது கோனுக்கு நகர்ந்தது. அதற்கடுத்தவனும் போய்விட்டான். இன்னும் ஒரு ஆள் போனால் ரவுண்டு முடிந்தது. நாலாவதாக வந்தவன் ஒரு அடி அடித்தான், ரொம்ப தூரம் போகவில்லை. அப்பா ஓடினார். மூன்றாவது கோனுக்குப் பக்கத்தில் நின்ற மில் மேஸ்திரி இரண்டு கையையும் தூக்கி நில்லு நில்லு என்று கத்தினாராம். அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. பந்து ஒரு பக்கம் வருகிறது, இவர் ஒரு பக்கம் வருகிறார். கடைசியில் இடது பக்கமாகச் சேற்றில் விழுந்து சறுக்கி, பந்தைப் பிடிக்கிறவனின் காலுக்கு அடியில் புகுந்து, பாதத்தால் வீட்டைத் தொட்டார்.

கிழவர் பொத்தானை டேபிளில் சர்ரென்று இழுத்துக் கொண்டுவந்து கோனில் முட்டினார். கோன் ஆடி நின்றது. பிறகு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். அவுட் இல்லை என்று அம்பயர் அப்படித்தான் விரித்தாராம்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாம் சார். ஒண்ணுக்கு சைபர்."

அந்தச் சேறுதான் இது. அந்தக் கிழிசல்தான் இது. அப்பா அதை யாரையும் துவைக்க விடவில்லை. அம்மா கையில்கூடக் கொடுக்கவில்லையாம். இவருக்கு அப்போது நாலு வயது, அம்மா மடியில் இருந்திருக்கிறார். ஆட்டத்தில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. சொன்னதெல்லாம் ஊரார் சொல்லக் கேட்டது. சட்டையைப் பார்த்துத்தான் அத்தனையும் நடந்தது என்று நம்பினாராம்.

"அந்த மில்லு இப்ப ஓடுதுங்களா?"

அந்தப் பெண் கேட்டது. பதில் வந்ததும் கொஞ்சம் தயங்கியது.

"மூடிட்டாகளாம் சார். வேலையெல்லாம் வெளிநாட்டுக்குப் போயிட்டாம்."

"எந்த நாட்டுக்குன்னு கேளு."

அது கேட்கவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை. அவருக்கு ஒரு இளநீர் வெட்டச் சொன்னேன்.

அந்த ஊரில் மிச்சமிருக்கிற பழைய மில் குடும்பங்கள் எல்லாம் ஒன்றுகூடப் போகிறார்கள். அதற்குத்தான் இந்தச் சட்டை. இது சரியாக வந்தால், சுற்றியிருந்த மற்ற மில்களின் சட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக என்னிடமே வரும். கேட்கக் கேட்க என் மண்டைக்குள் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. பொங்கல் வரைக்கும் கவலையில்லை, அதற்குப் பிறகும் கவலையில்லை.

"சொல்லு கண்ணு அவர்கிட்ட. நாளைக்குச் சாயங்காலம் ஒரு சட்டை காட்டறேன். அவிய அப்பாவே எந்திரிச்சு வந்தாலும் எது தன்னோடதுன்னு கண்டுபுடிக்க முடியாது."

அந்தப் பெண் எவ்வளவு குறைத்துச் சொன்னதோ தெரியாது. நான் சொன்னபடி செய்தேன். கிடங்கில் பழைய இன்டர்லாக் துணி கொஞ்சம் இருந்தது, அதை டீத் தண்ணீர் நிறத்துக்கு ஏற்றினோம். அனுப்பர்பாளையத்தில் எனக்குத் தெரிந்த பிரிண்டிங் மாஸ்டர் இருக்கிறார். அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மண் நிறத்துக்குள் மூன்று நிறம் பிரித்து, சேறு கெட்டியாக இருந்த இடம், நீர்த்து ஓடிய இடம் எல்லாம் தனித்தனியாக வரவழைத்தேன். முழங்கையைச் சிமெண்ட் தரையில் நானே தேய்த்துக் கிழித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அப்புறம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கட்கிழமை காலையில் ஆர்டரைக் கையெழுத்துப் போட்டுத் தருவதாக முடிவானது. நடுவில் சனி, ஞாயிறு ஊட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

சட்டையை எடுத்துக்கொண்டு போவதாகத்தான் இருந்தார். எல்லாச் சைஸுக்கும் அளவெடுத்து பேட்டர்ன் வெட்ட ஒரு நாள் வேண்டும் என்று எங்கள் கட்டிங் மாஸ்டர் கேட்டார். கிழவர் பெட்டியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இனி எங்கள் செக்கிங் அம்மிணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு மெஷின் காலத்திலிருந்து என்னோடு இருப்பவள். சோமனூரில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டித் தள்ளிவிடுவாள். சரிசெய்யக் கூடியது என்றால் தானே உட்கார்ந்து சரிசெய்வாள். நிட்டிங் மெஷினின் கொக்கி ஊசியைக் கையில் பிடித்து, ஓடிப்போன கண்ணிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக் கட்டினால், பின்னிய மெஷினுக்கே அடையாளம் தெரியாது. அவள் கை பட்டுப் போன ஒரு பெட்டியும் என் ஆயுசில் திரும்பி வந்ததில்லை. வெளிநாட்டுக்காரர்கள் சோதனைக்கு அனுப்புகிற ஆட்கள் அவள் டேபிளுக்கு வந்தால் டீ மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கொஞ்ச நாளாகப் பார்க்க பீஸே இல்லை. டேபிளைத் துடைப்பாள், விளக்கைத் துடைப்பாள், ஸ்டிக்கர் சுருளை எடுத்து வைப்பாள், மறுபடி துடைப்பாள்.

சனிக்கிழமை எனக்குப் பெருமாநல்லூரில் கல்யாணம், போகாமல் இருக்க முடியாத சொந்தம். மெர்ச்சண்டைசர் பெண் கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்விட்டது, திங்கட்கிழமைதான் வரும். அளவெடுத்து முடித்ததும் பெட்டியை யாரிடம் கொடுக்கச் சொல்வது? எனக்கு என்னைவிட நம்பிக்கையான ஆள் அவள்தான்.

"அம்மிணி, இது அந்தப் பெரியவரோட அப்பா சட்டை. அவர் போய்ச் சேர்ந்துட்டாரு. மகன் இத்தன வருசமாக் காப்பாத்தி வெச்சிருக்கறாரு. என்ற உசுரு மாதிரி பாத்துக்க. திங்கக்கெழம வந்து வாங்கிக்குவாரு."

"நான் பாத்துக்கறனுங்ணா. நீங்க கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்க."

திங்கட்கிழமை காலையில் கிழவர் ஊட்டியிலிருந்து நேராக வந்தார். ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலம் எனக்காக வாங்கி வந்திருந்தார். பேனா சட்டைப் பையில் இருந்தது. கட்டிங் டேபிளில் நாலு கோன்களும் அப்படியே நின்றன, ஒருத்தரும் கலைக்கவில்லை. அம்மிணியைக் கூப்பிட்டேன்.

அவள் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். எங்கள் கம்பெனி பாலிபேக். உள்ளே அட்டை வைத்து, கழுத்துக்குப் பட்டி வைத்து, பொத்தான் போட்டு, மடிப்புக் கலையாமல் ஒரு சட்டை. பார்த்ததும் புதுசாக ஏதோ சாம்பிள் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பால் மாதிரி இருந்தது.

கிழவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெட்டிக்காகக் கையை நீட்டினார்.

"இதுதானுங் அது," என்றாள் அம்மிணி.

பாலிபேக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நெஞ்சில் அதே எழுத்து தைத்திருந்தது.

"லேசுல போகலீங்ணா. பழைய மண்ணுக் கறை. சோப்புல ஊற வெச்சு, கறை எடுக்கற ஸ்ப்ரே கன்னுல அடிச்சு, நீராவி குடுத்து, மறுக்காவும் அடிச்சு, சனிக்கெழம பூராம் அதேதான் வேல. கிழிசலுக்கு வேற நூல் போட்டா நெறம் காட்டிக் குடுத்துருமுன்னு, உள்பக்கத் தையல்லயே மிச்சமா இருந்த நூலப் பிரிச்செடுத்துக் கண்ணி ஏத்துனனுங்." மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி சொன்னாள். "செத்துப் போனவிய சட்டைய அழுக்கோட வெச்சிருந்தாப் பாவமல்லங்ணா. பொம்பளைக இல்லாத ஊடு மாதிரி இருக்குது, யாரும் பாக்கல போல. வாங்குன பாத்தரத்தக் கழுவாமத் திருப்பிக் குடுக்கற பழக்கம் நமக்கு உண்டுங்களா?"

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. நாற்பது வருஷம் நான் எதைச் செய்யச் சொல்லிச் சம்பளம் கொடுத்தேனோ அதைத்தான் அவள் செய்திருந்தாள்.

மெர்ச்சண்டைசர் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. கிழவர் பாலிபேக்கைப் பிரித்தார். அவசரமே இல்லை அப்போதும். சட்டையை மூக்கருகே கொண்டுபோனார், எடுத்தார். டேபிளில் விரித்து இடது பக்கத்தைத் தடவினார். முழங்கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்பக்கம் திருப்பியும் பார்த்தார். அப்புறம் ஏதோ கேட்டார்.

"எந்த எடத்துல கிழிஞ்சிருந்துச்சுன்னு கேக்காக," என்றது அந்தப் பெண், சுவரைப் பார்த்துக்கொண்டே.

அம்மிணியின் முகம் மலர்ந்துபோனது. "அவருக்கே தெரியல பாருங்ணா!"

கிட்டே போய் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "இங்கீங்க. இங்கிருந்து இந்த வரைக்கும்." அவர் விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு அவளைப் பார்த்து, நிதானமாக, தேங்க்யூ என்றார். அவளுக்கு அது தெரியும். "வெல்கமுங்க," என்றாள். அவருக்கு டீ சொல்ல வெளியே போனாள்.

நான் சும்மா விடுகிற ஆளா? ஓடிப்போய் என் ரூமில் மாட்டியிருந்த நகல் சட்டையைக் கொண்டுவந்தேன். மூன்று நிறம் பிரித்து அச்சடித்த கறை. நானே தேய்த்துக் கிழித்த முழங்கை.

"சொல்லு கண்ணு. ஒண்ணும் போகல. கறை எங்ககிட்ட இருக்குது. இதே மாதிரி அந்தச் சட்டையிலயும் திருப்பிக் கொண்டாந்தர்றேன். ஒரு நூல் எடம் மாறாது. போட்டோவே இருக்குது."

கிழவர் நகலை வாங்கினார். கறை மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார், சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அப்படியே அழகாக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். இரண்டு வரி சொன்னார்.

"ரொம்ப அருமையா இருக்காம் சார்."

"அப்புறம் என்ன?"

"ஆனா அது நீங்க பண்ணுனதாம்."

கறையைப் போக்க இந்த ஊருக்கு ஆயிரம் வழி தெரியும். போன கறையை வரவழைக்க ஒரு வழியும் கிடையாது. சோப்பில் கரைந்தது சாக்கடையில் போயிருக்கும், கன்னில் அடித்தது காற்றோடு போயிருக்கும். எங்கே போய்த் தேடுவது?

சட்டையைப் பாலிபேக்கோடு பெட்டிக்குள் வைத்தார். இந்த முறை டிரைவர் கையில் கொடுத்தார். டிரைவர் அதை முன் சீட்டில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் போட்டான். வர்க்கிப் பொட்டலத்தை அவர் டேபிளிலேயே விட்டுவிட்டுப் போனார், எனக்கென்று வாங்கியதுதானே. பேனாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

கார் கேட்டைத் தாண்டியதும் அம்மிணி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, இன்னும் கறை எங்கீனாச்சும் பாக்கி இருந்துச்சுங்களா?"

"இல்ல அம்மிணி. சுத்தமா இருந்துச்சு."

"அப்புறம் ஏனுங் அவிய மொகம் அப்பிடிப் போச்சு?"

"ஊட்டிக் குளிரு ஒத்துக்கலயாம்."

"அதானே பாத்தேன். வயசாளி. ஒரு ஸ்வெட்டர் நாமளே குடுத்திருக்கலாமுங்." சொல்லிவிட்டு டேபிளைத் துடைக்கப் போனாள்.

ஆர்டர் வரவில்லை. ஒரு முறை அந்தப் பெண்ணை விட்டுக் கேட்கச் சொன்னேன். ஒன்றுகூடல் வெறும் சாப்பாட்டோடு முடிந்தது என்று மரியாதையாகப் பதில் வந்தது, அவ்வளவுதான். மற்ற மில்களின் சட்டைகளைப் பற்றி அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மகன் வந்தான். நான் சாவியை எடுத்து டேபிளில் வைத்தேன். அவனும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டான், அந்த வரைக்கும் நல்ல பிள்ளை.

ஊருக்குள் எல்லோரும் வரியால் மூடினார் என்று பேசிக்கொள்கிறார்கள். அது பொய்யும் இல்லை. அம்மிணியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். "அமேரிக்காக்காரன் நாசமாப் போக," என்று மெஷின்களை லாரியில் ஏற்றும்போது வாய்விட்டுச் சொன்னாள். நான் ஆமாம் போட்டேன். வேறென்ன சொல்வது அவளிடம்? இப்போது வேறொரு கம்பெனியில் வேலைக்குக் கேட்டுப் பார்க்கிறாள். வயதைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். அவள் கையைப் பார்க்காமல் தலைமுடியைப் பார்க்கிறார்கள்.

கட்டிங் டேபிளை விலைக்கு வாங்கியவன் வந்தபோதுதான் கோன்களை எடுத்தோம். வெள்ளைப் பொத்தான் கடைசிக் கோனை ஒட்டியே கிடந்தது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் அம்மிணி தன் சாமான்களை ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொண்டு போக என் ரூமுக்கு வந்தாள். நான் வெளியே லாரிக்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் உள்ளே காத்திருந்தாள். பிறகு வாசலுக்கே வந்து, "போயிட்டு வர்றனுங்ணா," என்றாள். நானும், "செரி அம்மிணி," என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

விளக்கை அணைக்க உள்ளே போனபோது சுவரில் அந்த நகல் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கறையின் மேல் ஒரு சிவப்பு அம்புக்குறி. முழங்கையில் இன்னொன்று. எங்கள் செக்கிங்கைத் தாண்டி ஒரு பீஸும் போனதில்லை என்று நான் சொல்வது சும்மா இல்லை.